ஐந்து ஜெபமாலைத் தண்ணீர்

“மேல்வயலை எனக்குக் குடுத்துடுங்க, அத்தை. என் பேருக்கே எழுதிடுங்க.”

சொல்லிவிட்டேன். பத்து வயதிலிருந்து என் வாயில் வரவே கூடாது என்று அம்மா காவல் காத்த வாக்கியம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பங்குச் சாமியார் முன்னால், சாப்பிட்ட தட்டுகள்கூட எடுக்கப்படாத மேஜைமேல் வந்து விழுந்தது. அம்மா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். வலிக்கவில்லை. கிள்ளுவாள் என்று தெரிந்துதான் தடித்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தையல்காரர்; என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம் கண்ணாடியைத் துடைப்பார். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபாதர் ஏற்கனவே காலியாக இருந்த டம்ளரிலிருந்து தண்ணீர் குடித்தார். அத்தை மட்டும் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார் சித்தப்பா.

“யாரும் சொல்லிக் குடுக்கல. நானேதான் கேக்கறேன்.”

“பட்டதாரியம்மா பேச்சப் பாரு.”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இந்தப் பட்டப்பெயர். நான் எதைச் சொன்னாலும் சித்தப்பா இதைத் தூக்கி என் தலையில் வைத்துவிடுவார்.

அன்று எல்லோரும் அத்தை வீட்டுச் சமையலறையில் கூடியதற்குக் காரணம் ஒரு தாள். அத்தை அப்பாவின் அக்கா. எண்பத்துமூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் பேரில் உள்ள மூன்று ஏக்கர் மேல்வயலைக் கோயிலுக்கு எழுதி வைக்கப்போவதாகப் போன மாதம் ஃபாதரிடம் சொல்லியிருந்தாள். ஃபாதர் அதை டைப் அடித்து, படித்துப் பார்க்கச் சொல்லி, போன வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்று கையெழுத்து. சித்தப்பா அதைத் தடுக்க வந்திருந்தார். அவரிடம் ஒரு குடோன்காரர் இருந்தார், முப்பது வருடக் குத்தகைக்கு மேல்வயலைக் கேட்டுக்கொண்டு. அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். அம்மா என் வாய்க்குக் காவலாக வந்திருந்தாள்.

கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். “அத்தைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போறோம், துணி தெச்சுத் தர்றோம். நாளைக்கு நெலத்தக் கேட்டோம்னா இதுக்குத்தான் பாத்துக்கிட்டாங்கன்னு ஊரு காறித் துப்பும்” என்பாள் அம்மா. அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய் தையல் மெஷினை மிதிப்பார். துணி இல்லாமலேயே மிதிப்பார். மானம் என்பது எங்கள் வீட்டில் வாய் பேசாமல் இருப்பதுதான்.

அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், வயதானவளின் சொத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டவள் என்று நீங்களும் நினைப்பீர்கள்.

பதினெட்டு வயதில் அவள் கன்னியர் மடத்துக்குப் போனாள். எட்டு மாதம் இருந்தாள். தாத்தா வைக்கோல் வண்டி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் படுத்தார். தாயில்லாத வீடு. அப்பாவுக்கு ஆறு வயது, சித்தப்பாவுக்கு மூன்று. விதைப்புக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. இறைவனின் சித்தம் தெரியும்வரை ஜெபித்துக் காத்திரு என்றாராம் மடத்துத் தலைவி. “நான் காத்திருப்பேன் மதர், ஈரம் காத்திருக்காது” என்று சொல்லிவிட்டு மடத்துச் செருப்போடு பஸ் ஏறிவிட்டாள். மறுவாரம் செருப்பைத் துடைத்துப் பார்சலில் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு ஊர் கேலியாக வைத்த பெயர், சிஸ்டர். அறுபத்துநாலு வருடத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

முதல் வருடம் அவள் ஓட்டிய ஏர்ச்சால் பாம்பு போன தடம் மாதிரி இருந்ததாம். வேலிக்கு வெளியே நின்று சிரித்தார்கள். “வளைஞ்ச சால்ல மொளைக்க மாட்டேன்னு விதை சொல்லுச்சா?” என்று கேட்டுவிட்டு அந்த வளைவிலேயே விதைத்தாள். முளைத்தது. நாற்பத்தேழாவது வயதில் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினாள். ஓட்டக் கற்றுத்தர ஆள் வரவில்லை. பொம்பளைக்குக் கற்றுக்கொடுத்தால் தொழிலுக்கு மரியாதை போய்விடுமாம். இரண்டு நாள் அடுத்தவன் ஓட்டுவதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் வைக்கோல் போரில் கொண்டுபோய் மோதினாள். நான்காம் நாள் அரை ஏக்கர் உழுதாள்.

வெள்ளம் வந்த வருடம் தக்காளி நாற்றுத் தட்டுகளை, நூற்றுப்பத்துத் தட்டுகள், தலையில் சுமந்து கோயில் பாடகர் மாடத்தில் ஏற்றினாள். ஊரிலேயே உயரமான இடம் அதுதான். அப்போதிருந்த சாமியாருக்குக் கோபம். பலிபீடத்துக்கு மேலே தக்காளியா என்று சத்தம் போட்டார். “ஆண்டவர் தண்ணி மேல நடப்பாரு, ஃபாதர். நாத்துக்கு அது தெரியாது” என்றாள். இரண்டு ஞாயிறு, தக்காளி நாற்றுகளுக்குக் கீழேதான் பூசை நடந்தது. வெள்ளம் வடிந்தபோது அந்த வட்டாரத்தில் நாற்று இருந்தது அவளிடம் மட்டும். சிரித்தவர்களுக்கும் கொடுத்தாள். அவர்கள் ஒவ்வொருவரையும் மாடப்படி ஏறி வந்து எடுத்துப் போகச் சொன்னாள். அந்த அளவுக்குப் பழிவாங்கத் தெரியும் அவளுக்கு.

கல்யாணத்துக்கு இரண்டு பேர் கேட்டார்கள். “ரெண்டு பேரும் நெலத்தப் பத்தி விசாரிச்சுட்டு அப்புறம்தான் என்னப் பத்தி விசாரிச்சாங்க. வரிசை தப்பு” என்று அனுப்பிவிட்டாள். எழுபத்தொன்பது வயதில் இடுப்பில் எஃகு வைத்தார்கள். ஒன்பதாவது வாரம் முக்காலியில் உட்கார்ந்தபடி, முக்காலியை நகர்த்தி நகர்த்தி, ஒரு பாத்தி முழுவதும் நட்டாள். டாக்டர் திட்டினார். அவருக்கு ஒரு கூடைத் தக்காளி போனது. திட்டு நின்றது.

இப்படிப்பட்டவளின் நிலத்தில் குடோன் கட்டலாம் என்கிறார் சித்தப்பா. என்னைக் கோபக்காரி என்கிறார்கள்.

“நீயும் நெலத்தத்தான் மொதல்ல கேக்கற” என்றாள் அத்தை, பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உங்கள எதுக்குக் கேக்கணும்? நீங்கதான் பொறந்ததுலேருந்து எனக்கு அத்தையா இருக்கீங்களே.”

அவள் உதட்டோரம் அசைந்தது. அவ்வளவுதான்.

“அண்ணி, அவ ஏதோ தெரியாம பேசறா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள் அம்மா.

“தெரிஞ்சுதாம்மா பேசறேன்.”

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து மேஜையில் வைத்தார். மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதே வேலை. நேரம் தவறாமல் ஊதும் மில் சங்கை நினைத்து, மில் ஆட்கள் அவருக்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அக்கா, நெலம் யாருக்குன்னு அப்புறம் பேசுவோம். மொதல்ல தண்ணி நியாயம் பேசுவோம். இந்த வருஷம் என் பீன்ஸப் போய்ப் பாருங்க. வால்பக்கம் பூரா சுருண்டு கெடக்கு.”

தண்ணீர் நியாயம் இதுதான். வாய்க்கால் தண்ணீர் எங்கள் மடைக்குச் செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்கு வரும், ஐந்து மணிக்கு அடுத்தவர்களுக்குப் போய்விடும். தாத்தா சாகும்போது மேல்வயலை அத்தைக்கும், கீழ்வயலைச் சித்தப்பாவுக்கும், தெருவில் இருந்த வீட்டை அப்பாவுக்கும் பிரித்தார். தண்ணீரையும் பிரித்தார். தாத்தா வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது. ஜெபமாலை இருந்தது. மேல்வயலுக்கு ஐந்து ஜெபமாலை, கீழ்வயலுக்கு ஐந்து ஜெபமாலை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். ஐம்பத்துமூன்று மணியை உருட்டி ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கச் சுமாராகப் பதினெட்டு நிமிடம் ஆகும். ஐந்து சொன்னால் ஒன்றரை மணி நேரம். கணக்குச் சரி. மடை ஓரக் கல்லில் உட்கார்ந்து அருள் நிறைந்த மரியே சொல்வாள் அத்தை. ஐந்தாவது முடிந்ததும் எழுந்து பலகையை மாற்றுவாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு சண்டை இல்லை.

“நாலு வருஷமா எழுதி வெச்சிருக்கேன்” சித்தப்பா டைரியைப் புரட்டினார். “போன செவ்வாய் ஒரு ஜெபமாலைக்கு இருவத்தாறு நிமிஷம். அஞ்சுக்கு ரெண்டு மணி பத்து நிமிஷம். எனக்கு மிச்சம் அம்பது நிமிஷம். அதுலயும் தண்ணி வால்பக்கம் போய்ச் சேரக் கால் மணி. ஜெபமாலைய வெச்சுத் தண்ணி திருடறது எந்த வேதத்துல இருக்கு, ஃபாதர்?”

ஃபாதர் இளைஞர். வயல்புழுதி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “வயசாச்சு இல்லையா. மூச்சு வாங்கும். மெதுவாத்தான் வரும்.”

“மூச்செல்லாம் வாங்கல” என்றாள் அத்தை. “இவன் ரிட்டயர் ஆகி வந்து, வாட்ச்சக் கையில புடிச்சுக்கிட்டு என் தலைமாட்டுல நின்னான் பாருங்க. நான் ஜெபம் சொல்றேன், இவன் டிக் அடிக்கறான். அன்னையிலேருந்து நிதானமா சொல்றேன்.”

“பாத்தீங்களா, வாயாலேயே ஒத்துக்கறாங்க.”

“ஒத்துக்கிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர் காதுலயும் சொல்லி ஒத்துக்கிட்டேன். ஃபாதரக் கேளு.”

“எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல” என்றார் ஃபாதர் அவசரமாக. அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே விடக் கூடாது. காதெல்லாம் சிவந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சித்தப்பாவின் சுருண்ட பீன்ஸை வரும் வழியில் நானும் பார்த்திருந்தேன். அது பொய் இல்லை.

“சித்தப்பா சொல்றது நியாயம்தான்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாதான் அதிகமாகப் பார்த்தார்.

“நாலு வருஷமா அவரு தண்ணி கொறஞ்சிருக்கு. அது தப்பு, அத்தை. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். சித்தப்பா மில்லுக்குப் போன காலத்துல கீழ்வயலுக்குத் தண்ணி கட்டினது யாரு?”

“அக்காதான். அது ஊருக்கே தெரியுமே.”

“எத்தன ஜெபமாலை, அத்தை?”

“அஞ்சுதான். அப்பா சொன்ன கணக்கு” என்றவள், ஒரு பட்டாணித் தோலை நீளவாக்கில் கிழித்தாள். “அதுக்கு மேல ஒரு மன்றாட்டுமாலை.”

“அது எதுக்கு?”

“எதுக்கா? இவனுக்குத்தான். மில்லுல நிக்கறான், மெஷின் கையக் கிய்ய இழுத்துடக் கூடாதேன்னு.”

சித்தப்பா நிமிர்ந்தார். “எந்த மெஷின்? நான் டைம் ஆபீஸ்லதானே இருந்தேன். நாற்காலியில.”

“அது எனக்கு எப்படிடா தெரியும்? மில்லுன்னா மெஷின்தானே.”

“முப்பத்தோரு வருஷமுமா?”

“நாற்காலியிலதான் இருக்கேன்னு நீ ஒரு தடவையாவது சொன்னியா? என்னமோ மில்லயே தோள்ல தூக்கிச் சுமக்கற மாதிரி வருவ.”

அப்பா சிரித்துவிட்டார். தம்பி முறைத்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நான் விடவில்லை.

“அந்த மன்றாட்டுமாலை சொல்றப்போ மடை மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?”

“தொறந்துதான் இருந்துச்சு. அப்பல்லாம் கீழ்வயலுக்குத்தானே மொதல்ல கட்டுவேன். ஜெபத்துக்கு நடுவுல எழுந்திரிக்கவா முடியும்?”

செவ்வாயும் வெள்ளியும், முப்பத்தோரு வருடமும், மேல்வயல் பங்கிலிருந்து கீழ்வயலுக்குப் பத்துப் பத்து நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் போயிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கை போய்விடக் கூடாதே என்பதற்காக. பெருக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சித்தப்பா தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன. நான் பெருக்கவில்லை. அவர் டைரியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சரி” என்று தொண்டையைக் கனைத்தார். “அதெல்லாம் சரி. ஆனா இவ எப்படி வெவசாயம் பண்ணுவா? படிச்ச பொண்ணு. லேப்ல வேல. ஏசி ரூம்.”

“நல்லாக் கேளுங்க” என்றாள் அம்மா, முதல் தடவையாகச் சித்தப்பாவின் பக்கம் சாய்ந்து.

நான் வேதியியல் படித்தவள். ஷாம்பு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணாடிக் குடுவையில் ஷாம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, நுரை எத்தனை சென்டிமீட்டர் எழும்புகிறது, ஐந்து நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும். மூன்று வருடம் நுரை அளந்தேன். சனிக்கிழமைதோறும் இங்கே வந்து, அத்தை விட்டுக்கொடுத்த மூலையில் கால் ஏக்கர் வெங்காயம் போட்டேன். முதல் வருடம் முழுதும் அழுகிப்போனது. அத்தை வந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, ஒரமாகும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது வருடம் பாத்தியை உயர்த்திக் கட்டினேன். வெங்காயம் நின்றது. என் கையளவு வெங்காயம். அன்றைக்கு வந்த சந்தோஷம் எந்த நுரையிலும் எனக்கு வந்ததில்லை.

“திங்கக்கிழமையே வேலைய விட்டுட்டேன்” என்றேன்.

அம்மா அதே இடத்தில் மறுபடி கிள்ளினாள். இந்த முறை ஜீன்ஸ் போதவில்லை.

“விட்டுட்டியா?” அப்பாவின் குரல் எழும்பவே இல்லை. “ஒன்னப் படிக்க வெச்சது எதுக்கும்மா? வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதானே?”

“என்னப் படிக்க வெச்சது யாருப்பா? வருஷா வருஷம் ஃபீஸ் கட்டறப்போ இங்கேருந்துதானே வந்துச்சு, தக்காளி வித்து? அந்த வயல்ல நிக்கறது மட்டும் கேவலமா? நான் நிக்கறது அசிங்கம்னா, உங்க அக்கா அறுபத்துநாலு வருஷம் நின்னது என்ன? அத மட்டும் பெருமையா ஊரெல்லாம் சொல்றீங்க.”

அப்பா கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. அது எனக்குப் புதிது.

ஃபாதர் மெல்ல வாயைத் திறந்தார். “நான் ஒண்ணு சொல்லலாமா? கோயிலுக்கு ஏற்கனவே ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணுல ஆடு மேயுது. இன்னொண்ணுல என்ன மேயுதுன்னு எனக்குத் தெரியாது. சிஸ்டர் கேட்டாங்கன்னுதான் டைப் அடிச்சேன்.”

“வேற யாரு கேட்டா?” என்றாள் அத்தை. பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “எண்பது தாண்டினதும் ஒருத்தராவது வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. ஜாக்கெட் தெச்சுக் குடுக்கறீங்க. வயலப் பத்தி ஒரு வார்த்த இல்ல. சரி, யாருக்கும் வேண்டாத நெலம் போலன்னு நெனச்சேன்.”

“கேட்டா நீங்க தப்பா நெனைப்பீங்கன்னுதான், அக்கா...” என்றார் அப்பா.

“கேக்காததத்தாண்டா தப்பா நெனச்சேன்.”

அம்மா தன் கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கிள்ளல் இல்லை. பதினாறு வருடம் நாங்கள் காத்த மானம் அத்தைக்கு என்னவாகத் தெரிந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குத் தட்டை எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அத்தை என் பக்கம் திரும்பியிருந்தாள்.

“ஏண்டி, ஜெபம் சொல்வியா?”

இதுதான் கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பது வருடத்துக்கு மேலாகச் செவ்வாயும் வெள்ளியும் ஜெபமாலையால் தண்ணீர் அளந்தவள் கேட்கிறாள். தலையை ஆட்டினால்கூடப் போதும். அம்மாவின் கண் ஆட்டு, ஆட்டு என்றது.

“மாட்டேன், அத்தை. கோயிலுக்குப் போயே மூணு வருஷமாச்சு. பொய் சொல்லி நெலம் வாங்க மாட்டேன்.”

“நான் இந்தப் பங்குக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு” என்றார் ஃபாதர். “இன்னைக்குத்தான் உன்னப் பாக்கறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தபடியே இருந்தாள். சுவரில் சிலுவை, அதன் பின்னால் செருகிய காய்ந்த குருத்தோலை. அடுப்பின் மேல் கெட்டில் முனகிக்கொண்டிருந்தது.

“அப்ப தண்ணிய எப்படி அளப்ப?”

“கடிகாரம் வெச்சு. ரெண்டுலேருந்து மூணரை வரைக்கும் மேல. மூணரையிலேருந்து அஞ்சு வரைக்கும் கீழ. ஒரு நிமிஷம் இப்படி அப்படிப் போகாது.”

சித்தப்பா, தன்னை அறியாமல், தலையை ஆட்டினார்.

“பாருடா, சங்குக்கு வாரிசு வந்துருச்சு” என்றாள் அத்தை. பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அந்த ஜன்னல் மேல ஒரு தாள் இருக்கு பாரு. எடுத்துட்டு வா.”

ஃபாதரின் தாள். பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று ஒரு விநாடி நினைத்தேன். ஒரு விநாடிதான். எழுந்து போய், நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே கிடந்த தாளை எடுத்தேன். விறைப்பாக இருந்தது. திருப்பினேன்.

டைப் அடித்த பக்கம் முழுவதும் தக்காளி விதை. விதைக்கு விட்ட பழத்தைப் பிழிந்து, விதைகளைத் தாளில் பரப்பிக் காய வைப்பாள் அத்தை. காய்ந்ததும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ‘எனக்குப் பாத்தியப்பட்ட’ என்று தொடங்கிய வரியின் மேல் ஒரு வரிசை. ‘முழு மனதுடன்’ என்ற இடத்தில் அடர்த்தியாக ஒரு கொத்து. கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் ஏழெட்டு விதைகள், நல்ல பருமனானவை.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். “சிஸ்டர், இது எப்ப காயப் போட்டது?”

“நீங்க குடுத்துட்டுப் போன அன்னைக்கே. நல்ல கெட்டித் தாளு. இது மேல இப்ப கையெழுத்துப் போட்டா விதை நசுங்கிடும், ஃபாதர்.”

ஃபாதர் கைக்குட்டைக்குள் சிரித்தார், அல்லது தும்மினார்.

“தாள வெச்சுட்டு உக்காரு” என்றாள் அத்தை என்னிடம். “ஜெபம் நான் சொல்லிக்கறேன். இங்கயே இருந்து. தண்ணிய நீ கட்டு. ரெண்டையும் ஒருத்தியே செய்யணும்னு யாரு சொன்னா? நான் ஒத்தையா இருந்தேன். செஞ்சேன்.”

“அப்ப எழுதிக் குடுக்கறீங்களா, அக்கா?” என்றார் அப்பா. அவர் குரலில் பயமா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“கேட்டுட்டா இல்ல.”

அதற்குப் பிறகு ஒரே பேச்சு. பத்திரம் எழுதுவதற்கு முன்னால் தண்ணீர் நேரத்தைத் தனியாக எழுத வேண்டும் என்றார் சித்தப்பா. குடோன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றும் அவரே கேட்டார். பீன்ஸ் கொடுத்து அனுப்பு என்றாள் அத்தை. கல்யாணத்துக்குப் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அம்மா தொடங்கினாள். ஃபாதர் தன் டைப் மெஷினில் வேறு தாள் அடித்துத் தருவதாகச் சொன்னார், இந்தத் தடவை மெல்லிய தாளில். அப்பா மட்டும் கதவோரம் இருந்த என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்ததும் கதவோரம் வைத்த பையில் மாற்றுத் துணி இருக்கிறது என்று அம்மா நினைத்திருந்தாள். இருந்தது ரப்பர் பூட்ஸ். வேலையை விட்ட அன்று மாலையே வாங்கியது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அத்தை மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும், கோயிலுக்கே எழுதியிருந்தாலும், இன்றைய தண்ணீரை நான்தான் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தத் தக்காளிக்கு இன்று தண்ணீர் வேண்டும்.

பையைத் திறந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். அப்பா எழுந்து வந்தார். பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, குனிந்து, விலைச்சீட்டின் நூலை வெட்டினார். நூல் வெட்டுகிற வேலையில் அவருக்கு நிகர் கிடையாது.

“எங்க கெளம்பிட்ட? இன்னும் பேசி முடிக்கல” என்றார் சித்தப்பா.

“நீங்க பேசி முடிங்க. மணி என்ன?”

அவர் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தார். “ரெண்டுக்கு நாலு நிமிஷம்.”

“மூணரைக்குக் கீழ்மடைக்கு வந்துடுங்க. வாட்ச்சோட வாங்க.”

அத்தை ஜெபமாலையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முகத்தால் கதவைக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டேன். உள்ளே அம்மா, சாப்பிட்ட தட்டையாவது கழுவிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வெளியே வந்தேன்.